கழுத்துத் தமனி அடைப்பும் மூளைக்கான மாற்று இரத்த ஓட்டமும்

சுருக்கம்

• மூளைக்கு இரத்தம் செல்லும் கழுத்துத் தமனி சுருங்கினாலோ அடைபட்டாலோ, வேறு தமனிகளின் வழியாக இரத்தம் சுற்றிச் சென்று மூளையை அடையக்கூடும். இது மாற்று இரத்த ஓட்டம் எனப்படும்.
• இந்த ஓட்டம் பலரைப் பக்கவாதத்திலிருந்து காக்கிறது. அதே வேளையில், நோய் இருப்பதையே வெளித்தெரியாமல் மறைத்தும் விடுகிறது.
• கை, கால், முகம், பேச்சு அல்லது பார்வையில் ஏற்பட்ட பாதிப்பு சில நிமிடங்களில் தானாகவே சரியானாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
• அவசர உதவிக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.

மூளைக்கு இரத்தம் செல்லும் நான்கு வழிகள்

வளர்ந்த ஒருவரின் மூளை சுமார் 1,400 கிராம் எடை கொண்டது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் 15 விழுக்காடும், உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 விழுக்காடும் மூளைக்கே செல்கின்றன. மூளை தனக்கென ஆக்ஸிஜனைச் சேமித்து வைப்பதில்லை. ஆகவே இரத்தம் இடைவிடாது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரத்தத்தை நான்கு தமனிகள் கொண்டு செல்கின்றன. கழுத்தின் முன்பகுதியில், குரல்வளையின் இருபுறமும் துடிப்பவை கழுத்துத் தமனிகள். மருத்துவர்கள் இவற்றைக் கரோட்டிட் தமனிகள் என்பர். கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளின் வழியே மேலேறுபவை முதுகெலும்புத் தமனிகள். மூளைக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முன்பக்கத் தமனிகள் இரண்டின் வழியாகவும், எஞ்சியது பின்பக்கத் தமனிகள் இரண்டின் வழியாகவும் செல்கிறது.

கழுத்துத் தமனி, தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. வெளிக்கிளை முகம், தாடை, உச்சந்தலை ஆகியவற்றுக்குச் செல்கிறது. இந்தப் பிரிவிடத்தில் இரத்தம் சுழன்று செல்வதால், கொழுப்புப் படிவு பெரும்பாலும் இங்கேயே தொடங்குகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய், புகையிலைப் பழக்கம், மிகுந்த கொழுப்புச்சத்து, முதுமை ஆகியவை இப்படிவை வளர்க்கும் காரணங்கள் ஆகும்.

மாற்றுப் பாதை எவ்வாறு உருவாகிறது?

தருமபுரி மாவட்டத்தில் வாழ்பவர்கள் ஒகேனக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அங்கு காவிரி ஒரே ஓட்டமாகப் பாய்வதில்லை. பாறைகள் மறிக்கும் இடத்தில் பல கிளைகளாகப் பிரிந்து, இடுக்குகளின் வழியே சுற்றி வந்து, மீண்டும் ஒன்றாகி மேட்டூரை நோக்கிச் செல்கிறது. ஒரு கிளை அடைபட்டால் நீர் அடுத்த கிளையைத் தேடுகிறது. நீரைத் தள்ளுவது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு.

இரத்தத்தைத் தள்ளுவது அழுத்த வேறுபாடு. ஒரு தமனி சுருங்கும்போது, அடைப்புக்கு அப்பால் அழுத்தம் குறைகிறது. அப்பகுதியோடு இணைப்புள்ள வேறொரு தமனியில் அழுத்தம் மிகுதியாக இருந்தால், அங்கிருந்து இரத்தம் குறைந்த அழுத்தப் பகுதியை நோக்கிப் பாயும். இதற்குப் புதிய குழாய் எதுவும் முதலில் தேவையில்லை. பிறவியிலேயே அமைந்திருந்தும் பெரிதாகப் பயன்படாதிருந்த சிறு இணைப்புகளே திறந்துகொள்கின்றன. கூடுதல் இரத்தம் தொடர்ந்து பாய்ந்தால், அவ்விணைப்புகளின் சுவர் வாரங்கள், மாதங்கள் என்ற கால அளவில் அகன்று தடிக்கிறது.

எனவே காலமே இங்கு முதன்மையானது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளரும் சுருக்கம், மாற்றுப் பாதைகள் அகலுவதற்கு அவகாசம் தருகிறது. இதயத்திலிருந்து புறப்பட்ட இரத்தக்கட்டி ஒன்று தமனியைத் திடீரென அடைக்கும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை. முழுமையாக அடைபட்ட கழுத்துத் தமனியுடன் ஒருவர் இயல்பாக நடமாடுவதற்கும், அதே தமனி அடைபட்டு மற்றொருவர் கடும் பக்கவாதத்துக்கு உள்ளாவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இரத்தம் சுற்றிச் செல்லும் பாதைகள்

1. வில்லிஸ் வளையம். மூளையின் அடிப்பகுதியில் நான்கு தமனிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் தமனி வளையம் ஒன்று உள்ளது. வலப்பக்கத் தமனி அடைபட்டால், வளையத்தின் முன் இணைப்பு வழியாக இடப்பக்க இரத்தம் வலப்பக்கத்துக்கு வரும். பின் இணைப்பு வழியாக முதுகெலும்புத் தமனிகளின் இரத்தமும் முன்னோக்கி வரும். முதலில் உதவிக்கு வருவதும், மிகுதியான இரத்தத்தைத் தருவதும் இவ்வளையமே.

2. கண் வழிப் பாதை. கண்ணுக்கு இரத்தம் தரும் தமனி, கழுத்துத் தமனியின் உட்கிளையிலிருந்து பிரிவது. அதன் நுனிகள் புருவத்திலும் நெற்றியிலும் வெளிக்கிளையின் நுனிகளோடு இணைந்துள்ளன. உட்கிளை அடைபட்டால், முகத்தின் இரத்தம் புருவத்தின் வழியே உள்நோக்கித் திரும்பி, கண் தமனியில் எதிர்த்திசையில் ஓடி மூளையை அடையலாம். இத்திசை மாற்றத்தை டாப்ளர் கருவியால் கண்டறிய முடியும்.

3. மூளை மேற்பரப்புப் பாதை. மூளையின் மேற்பரப்பில் பரவியுள்ள நுண்தமனிகளின் நுனிகள் ஒன்றையொன்று தொட்டு இணைந்துள்ளன. ஒரு தமனியின் எல்லைக்குள் இரத்தம் குறைந்தால், அண்டைத் தமனியின் இரத்தம் இந்நுனிகளின் வழியே பின்னோக்கிப் பாயும்.

4. கழுத்துத் தசைப் பாதை. பிடரித் தசைகளில் வெளிக்கிளையின் கிளைகளும் முதுகெலும்புத் தமனியின் கிளைகளும் சந்திக்கின்றன. இவற்றுள் ஒன்று அடைபட்டால் மற்றொன்று ஈடு செய்யும்.

இது எவ்வாறு அறியப்பட்டது?

இவ்வளையம் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் அழைக்கப்படுகிறது. மூளையின் அமைப்பைப் பற்றி 1664-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இவ்வளையத்தைப் படத்துடன் விளக்கினார். படங்களை வரைந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்.

அந்நூலில் வில்லிஸ் குறிப்பிடும் ஒரு நிகழ்வு இன்றும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. வேறொரு நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆய்வு செய்தபோது, அவருடைய வலப்பக்கக் கழுத்துத் தமனி கல் போல் இறுகி முற்றிலும் அடைபட்டிருந்தது. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது பக்கவாதம் ஏதும் ஏற்பட்டிருக்கவில்லை. அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி, மறுபக்கத்துத் தமனியைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. ஒரு வழி மூடியபோது மற்றொரு வழி அகன்று அவரைக் காத்திருக்கிறது.

வளையம் எல்லோருக்கும் முழுமையாக உள்ளதா?

இல்லை. பாடநூல் படத்தில் காணும் முழு வளையம் பாதிக்கும் குறைவானவர்களிடமே காணப்படுகிறது. மற்றவர்களிடம் ஏதேனும் ஓர் இணைப்பு மிக மெல்லியதாக இருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். நல்ல நிலையில் இக்குறை எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. கழுத்துத் தமனி அடைபடும் நாளில்தான் அதன் விளைவு தெரியவரும். உங்கள் வளையம் எத்தகையது என்பதை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. ஆகவே, “பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே அடைப்புதான், அவர் நன்றாக இருக்கிறார்” என்று எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

மாற்று ஓட்டம் எங்கே தோற்கிறது?

ஏரிப் பாசனம் செய்பவர்களுக்குக் கடைமடையின் நிலை தெரியும். வாய்க்காலில் நீர் குறைந்தால் தலைமடை வயல்கள் நனைந்துவிடும். கடைமடை வயல்களே முதலில் காயும். மூளையிலும் இரண்டு பெரிய தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள் கடைமடை போன்றவை. மாற்று ஓட்டம் போதாதபோது முதலில் பாதிக்கப்படுபவை இவ்வெல்லைப் பகுதிகளே.

அளவாகச் சொன்னால், 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் கிடைக்கிறது. இரத்தம் குறையத் தொடங்கினால், மூளை முதலில் தன் நுண்தமனிகளை விரித்து ஈடு செய்கிறது. அதுவும் போதாவிடில், கிடைக்கும் இரத்தத்திலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலான ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. இரத்த அளவு சுமார் 20 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கினால் அப்பகுதி செயலிழக்கிறது. கை தளரும், பேச்சு குழறும். சுமார் 10 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் விரைவில் இறக்கின்றன. இவ்விரண்டு அளவுகளுக்கும் இடைப்பட்ட திசு, செயலிழந்தும் உயிரோடிருக்கும். பக்கவாத சிகிச்சை மீட்க முயல்வது இத்திசுவையே. இதை உயிரோடு வைத்திருப்பது மாற்று இரத்த ஓட்டம்.

ஏற்கெனவே நுண்தமனிகளை முழுமையாக விரித்துவிட்ட மூளையிடம் வேறு இருப்பு ஏதும் இல்லை. அந்நிலையில் பின்வரும் சிறு மாற்றங்கள்கூடப் பக்கவாதத்தைத் தூண்டலாம்:

• வயிற்றுப்போக்கு, வாந்தி அல்லது கடும் வெயிலில் வேலை செய்வதால் உடலில் நீர் வற்றுதல்
• படுக்கையிலிருந்து திடீரென எழுதல்
• இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் உட்கொள்ளுதல்
• அறுவை சிகிச்சை, கடும் இரத்தப்போக்கு அல்லது கடும் இரத்தசோகை

மாற்று ஓட்டத்தால் தடுக்க முடியாத மற்றோர் ஆபத்தும் உண்டு. சுருங்கிய இடத்திலுள்ள கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் உறையும் இரத்தக்கட்டி பிய்ந்து மூளைக்குள் செல்லலாம். கழுத்துத் தமனி நோயால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை இவ்வாறு வருபவையே. எனவே மாற்றுப் பாதை நன்றாக இருந்தாலும் மருந்துகளை நிறுத்தக் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்கவும்:

• முகம் ஒரு பக்கம் கோணுதல்
• ஒரு பக்கக் கையோ காலோ தளர்தல் அல்லது மரத்துப்போதல்
• பேச்சு குழறுதல், சொல் வராமை, பிறர் பேசுவது விளங்காமை
• ஒரு கண்ணில் திரை இறங்கியது போல் பார்வை மறைந்து மீளுதல்
• நிற்க முடியாத தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாடுதல்

இவை சில நிமிடங்களில் முற்றிலும் நீங்கிவிட்டால் அது தற்காலிகப் பக்கவாதம் எனப்படும். வெயிலில் மயக்கம், பித்தம், களைப்பு எனப் பலர் இதை ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் இது மாற்று ஓட்டம் ஒருமுறை தோற்று, மீண்டதன் அடையாளமாகவோ, சிறு இரத்தக்கட்டி ஒன்று வந்து கரைந்ததன் அடையாளமாகவோ இருக்கலாம். இதன்பின் முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு முதல் சில நாட்களிலேயே மிகுதி. “சரியாகிவிட்டது, சந்தை முடிந்து போகலாம்” என்று தாமதிக்க வேண்டாம்.

மாற்று ஓட்டம் போதாதவர்களிடம் காணப்படும் சில அறிகுறிகள் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. எழுந்து நின்றவுடன் ஒரு பக்கக் கையோ காலோ சில நொடிகள் உதறுதல், வலிப்பு நோய் என எண்ணப்படுகிறது. வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குதல், கண்புரை என எண்ணப்படுகிறது. இவை திரும்பத் திரும்ப வந்தால், எந்நிலையில் வருகின்றன என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறவும்.

இளவயதினரும் அறிய வேண்டியவை

கழுத்துத் தமனி நோய் முதியோருக்கு மட்டும் உரியதன்று.

டகாயசு நோய்: பெருந்தமனியிலும் அதன் கிளைகளிலும் ஏற்படும் அழற்சி நோய் இது. 1908-ஆம் ஆண்டில் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில், குறிப்பாக இளம் பெண்களிடம் காணப்படுகிறது. கையில் நாடித்துடிப்பு தெரியாமை, இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பெரிதும் வேறுபடுதல், வேலை செய்யும்போது கை விரைவில் சோர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். கைக்குச் செல்லும் தமனி தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தால், மூளைக்குச் செல்ல வேண்டிய இரத்தம் முதுகெலும்புத் தமனியின் வழியே கீழிறங்கிக் கைக்குச் செல்லும். அதனால் நீர் இறைத்தல், துணி துவைத்தல் போன்ற வேலைகளின்போது தலைச்சுற்றல் வரலாம். இங்கே மாற்று ஓட்டம் கையைக் காக்க மூளையின் பங்கை எடுத்துக்கொள்கிறது.

தமனிச் சுவர் கிழிதல்: சாலை விபத்திலோ கழுத்து திடீரெனத் திருகப்படும்போதோ தமனியின் உட்சுவர் கிழிந்து அடைப்பு ஏற்படலாம். முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைச் சட்டென ஒடித்துச் சொடுக்கு எடுப்பதைத் தவிர்க்கவும். கழுத்தில் அடிபட்டபின் ஒருபக்கக் கழுத்துவலி, தலைவலி, இமை சரிதல் ஆகியவை தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்லவும்.

பரிசோதனைகள்

கழுத்து டாப்ளர் ஸ்கேன்: ஒலி அலைகளைக் கொண்டு சுருக்கத்தின் அளவை அறியும் வலியற்ற சோதனை. ஊசியோ கதிர்வீச்சோ இல்லை.

சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம்: கழுத்திலிருந்து மூளை வரை தமனிகளைப் படமாகக் காட்டும். வில்லிஸ் வளையம் முழுமையாக உள்ளதா என்பதும் இதில் தெரியும். இந்தியர்களிடம் மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் தமனிகளில் ஏற்படும் சுருக்கம், மேலை நாட்டினரைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே கழுத்துத் தமனி நன்றாக உள்ளது என்பதோடு பரிசோதனை முடிந்துவிடாது.

சுருக்கத்தின் அளவு விழுக்காட்டில் கூறப்படும். 50-க்குக் கீழ் எனில் லேசானது. 50 முதல் 69 வரை நடுத்தரமானது. 70 முதல் 99 வரை கடுமையானது. 100 எனில் முழு அடைப்பு. அறிகுறி ஏதும் இல்லாத எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

சிகிச்சை

மருந்துகள்: இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள், கொழுப்புப் படிவை நிலைப்படுத்தும் ஸ்டாடின் மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் ஆகியவை எல்லா நிலைகளுக்கும் அடிப்படை. இவை தமனியை மீண்டும் திறப்பதில்லை. ஆனால் புதிய கட்டி உருவாவதையும் படிவு வெடிப்பதையும் குறைக்கின்றன.

அறுவை சிகிச்சை: கழுத்துத் தமனியைத் திறந்து படிவை அகற்றும் அறுவை சிகிச்சை 1950-களிலிருந்து செய்யப்படுகிறது. அறிகுறி தோன்றியவர்களில் 70 முதல் 99 விழுக்காடு சுருக்கம் உள்ளோருக்கு இது பெரிதும் பயன் தரும் என்று வட அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 1991-இல் நிறுவியது. இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு, மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 26 விழுக்காடாகவும், அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் 9 விழுக்காடாகவும் இருந்தது. அறிகுறி தோன்றிய இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பயன் மிகுதி. தகுந்த சிலருக்கு ஸ்டென்ட் பொருத்தப்படுகிறது.

முழு அடைப்பு: 100 விழுக்காடு அடைபட்ட தமனியைப் பொதுவாகத் திறப்பதில்லை. இதைக் கேட்டு நோயாளிகளும் குடும்பத்தினரும் கைவிடப்பட்டதாக எண்ணி வருந்துவது உண்டு. அவ்வாறு எண்ண வேண்டாம். முழுமையாக மூடிய தமனியில் ஓட்டமில்லாததால் கட்டி மேலே செல்லும் வாய்ப்பு குறைகிறது. மாற்றுப் பாதை பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உச்சந்தலைத் தமனியை மூளைத் தமனியோடு இணைத்து, செயற்கையாக மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை 1967-இல் தொடங்கப்பட்டது. ஆனால் 1985-லும் 2011-லும் முடிவு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், கொழுப்புப் படிவால் அடைபட்டவர்களுக்கு இது மருந்து சிகிச்சையைவிடப் பயன் தரவில்லை. மோயாமோயா போன்ற சில அரிய நோய்களுக்கு மட்டும் இது இன்றும் பயனுள்ளதாகக் கருதப்படுகிறது.

பக்கவாதம் வந்தால்

பெரிய தமனி அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன. மாற்று ஓட்டம் நன்றாக இருப்பவர்களிடம் இவ்விழப்பு மெதுவாக நிகழும். இல்லாதவர்களிடம் மிக விரைவாக நிகழும். உங்கள் உறவினர் எவ்வகையினர் என்பது அந்நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. ஆகவே விரைவு ஒன்றே பாதுகாப்பு.

• கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.
• பெரிய தமனியில் உள்ள கட்டியைக் குழாய் வழியே அகற்றும் சிகிச்சையை 6 மணி நேரம் வரையிலும், ஸ்கேனில் மீட்கத்தக்க திசு தெரிபவர்களுக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம்.
• உணவு, நீர், மாத்திரை எதையும் வாய்வழி தர வேண்டாம். இரத்தக் கசிவா, அடைப்பா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். ஆகவே ஆஸ்பிரினும் வீட்டில் தரக் கூடாது.
• புறா இரத்தம் தடவுதல், எண்ணெய் நீவுதல், மந்திரித்தல் ஆகியவற்றில் நேரத்தை இழக்க வேண்டாம்.
• சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளில் வாழ்பவர்கள், ஊர்தி வரும் இடத்தை முன்கூட்டியே அறிந்து வைக்கவும். 108-ஐ அழைத்தபின், நோயாளியைச் சாலை வரை பாதுகாப்பாகக் கொண்டு வர ஏற்பாடு செய்யவும்.

மாற்று ஓட்டத்தைப் பாதுகாக்க நீங்கள் செய்ய வேண்டியவை

• இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் உட்கொள்ளவும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இம்மருந்துகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட திட்டம் இது.
• பெங்களூரு, திருப்பூர் முதலிய ஊர்களுக்கு வேலைக்குச் செல்பவர்கள், திரும்பும் நாள் வரை போதுமான மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் உடன் கொண்டு செல்லவும்.
• கழுத்துத் தமனி அடைப்பு உள்ளதாகத் தெரிந்தால், இரத்த அழுத்தம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கூறவும். சிலருக்கு இரத்த அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டியிருக்கும். மாத்திரை உட்கொண்டபின் தலைச்சுற்றல் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்கவும்.
• கோடைக்காலத்தில் வயல் வேலை, செங்கல் சூளை வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்தவும். வயிற்றுப்போக்கின்போது உப்பு-சர்க்கரைக் கரைசல் அருந்தவும். இதய அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும்.
• இரவில் எழும்போது, படுக்கையில் சில நிமிடங்கள் அமர்ந்து பின் எழவும்.
• பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றை அறவே விடவும். புகையிலை, தமனிகளை விரிய விடாமல் மாற்று ஓட்டத்தையே கெடுக்கிறது.
• ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி, குறைத்துக்கொள்ளவும். கேழ்வரகு, சாமை போன்ற தானியங்களைக் கீரை, பருப்புடன் அளவாக உண்ணவும். தானியம் எதுவாயினும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அளவு முக்கியம்.
• மருத்துவர் அனுமதித்தால் நாள்தோறும் 30 நிமிடம் நடக்கவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுப் பாதைகளை வளர்க்க மருந்து உள்ளதா?
இதுவரை அதற்கென நிறுவப்பட்ட மருந்து இல்லை. அவ்வாறு கூறி விற்கப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பி, மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

கழுத்தை நீவினால் அடைப்பு கரையுமா?
கரையாது. அழுத்தி நீவினால் படிவு பிய்ந்து மூளைக்குச் செல்லக்கூடும். நாடித்துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம். இருபுறக் கழுத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது.

ஒரு தமனி முழுமையாக அடைபட்டுள்ளது. நான் வேலைக்குச் செல்லலாமா?
அறிகுறிகள் இல்லாமல் பலர் இயல்பாக வேலை செய்கின்றனர். மறுபக்கத் தமனியின் நிலையே இனி உங்களுக்கு முதன்மையானது. மருத்துவர் கூறும் கால இடைவெளியில் அதற்கு ஸ்கேன் எடுத்துக்கொள்ளவும். உயரத்தில் ஏறும் வேலை, கனரக ஊர்தி ஓட்டுதல் ஆகியவை குறித்து மருத்துவரின் கருத்தைப் பெறவும்.

உதவி பெற

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மேல்சிகிச்சைக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியவும். மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசர ஊர்திக்கு 108.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.